கோட்டுப் போட்ட நோயாளி

அத்தியாயம் பதினேழு

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். ஸ்ரனிஸ்லாஸின் வீட்டில் மருந்து ஐந்து மாதமாக நடக்கிறது, விருந்து மூன்று வாரமாக நடக்கிறது. இரண்டில் எது முதலில் முடியும் என்று அவர் மனைவி அன்ரனிற்றா தினமும் யோசிப்பாள். மருந்தைப் பற்றியென்றால் டாக்குத்தரிடமாவது கேட்கலாம். விருந்தைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

விருந்தின் பெயர் லூர்தம்மா. ஸ்ரனிஸ்லாஸின் மூத்த அக்கா. தம்பியை இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஸ்டுட்கார்ட்டில் ரயிலேறி ஹம்பேர்க்குக்கு வந்தவர். வந்த அன்றே சமையலறையில் உப்புப் போத்தலின் இடத்தை மாற்றினார். மறுநாள் தம்பியின் சாப்பாட்டை மாற்றினார். மூன்றாம் நாள் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, ஜெர்மனியில் இருக்கிற சொந்தக்காரர் எல்லோருக்கும் ஒரே செய்தியை வாசித்தார்.

“கை விளங்காத மனுசன் சேட்டுப் பொத்தானோடை போராடுறான். இவள் கையைக் கட்டிக்கொண்டு நிண்டு பார்க்கிறாள். கல்நெஞ்சுக்காரி.”

அதில் பொய் ஒன்றுமில்லை. அன்ரனிற்றா கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். உதவ வேண்டாம், எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவரே செய்யட்டும் என்று பயிற்சி கொடுத்த பெண் சொல்லியிருந்தாள். ஜனவரியில் வேலையிடத்தில் தலைக்குள் நரம்பு வெடித்து விழுந்த மனிதர். ஆறு மணிநேரம் தலையைத் திறந்து வைத்து உயிரை மீட்டார்கள். பிறகு எட்டு வாரம் றேஹா என்கிற புனர்வாழ்வு மருத்துவமனை. நடை பொல்லோடு திரும்பி வந்தது, பேச்சு முழுதாக வந்தது. வலக்கை மட்டும் வரவில்லை.

“முதல் வருடத்துக்குள் எழுப்பினால்தான் அந்தக் கை எழும்பும். இன்னொரு ஆறு வாரம் றேஹாவுக்கு அனுப்புங்கள்” என்று டாக்குத்தர் எழுதிக் கொடுத்தார். மருத்துவக் காப்புறுதிக்காரர்கள் சும்மா அனுப்புவார்களா? எங்கள் ஆள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும் என்றார்கள். அந்த ஆள் வருகிற நாள்தான் இன்றைய புதன்கிழமை. பதினொரு மணிக்கு வர ரெர்மின் குறித்திருந்தார்கள்.

வருகிற பெண் ‘இவர் தன் காரியத்தைத் தானே பார்க்கிறார்’ என்று எழுதினால் றேஹா இல்லை. றேஹா இல்லையென்றால் கை இல்லை. கணக்கு அவ்வளவுதான், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். அதனால் முதல்நாள் மாலையில் அன்ரனிற்றா கணவருக்கு ஐந்து தரம் சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, நாளைக்கு அவ வரேக்கை நீங்கள் இருக்கிற மாதிரியே இருங்கோ. ஏலாததை ஏலாது எண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்.”

“ஓம், ஓம். எனக்குத் தெரியாதே?” என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. எல்லாம் தெரியும். தமிழ்க் கத்தோலிக்கர் சங்கத்துக்குப் பதினொரு வருடம் செயலாளராக இருந்தவர். ஹம்பேர்க்கில் யாருக்கு என்ன அன்ட்ராக், விண்ணப்பப் படிவம், நிரப்ப வேண்டியிருந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். ஊரார் படிவத்தையெல்லாம் பிழையில்லாமல் நிரப்பிய மனிதர் தன் படிவத்தில் மண்ணை அள்ளிப் போடுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் கூட இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

அன்ரனிற்றா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறாள். காலை ஆறு மணி வேலை. இன்றைக்குப் பாதியில் அனுமதி வாங்கிக்கொண்டு, எஸ்-பான் ரயிலில் நின்றபடியே வந்து, வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி பத்தரை.

முதலில் வாசனைதான் வந்தது. றோல்ஸ் பொரித்த வாசனை. பிறகு வீட்டைக் கண்டாள்.

வீடு பாலன் பிறந்த நத்தார் நாள் போல் இருந்தது. சில்லுக் கதிரையைக் காணோம். கட்டிலருகே இருந்த கழிப்பறைக் கதிரையைக் காணோம். நான்கு கால் பொல்லைக் காணோம். எட்டிப் பார்த்தாள். மூன்றும் பல்கனியில், பூப்போட்ட படுக்கைவிரிப்பு ஒன்றுக்குக் கீழே குந்திக்கொண்டிருந்தன. பின்வீட்டுக்காரர் உலகக் கிண்ணத்துக்கு ஜெர்மன் கொடி கட்டியிருந்தார். இவர்கள் வீட்டில் இது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறாள். கண்ணால் காண்பது இதுதான் முதல் தரம்.

நடுவில் சோபாவில் ஸ்ரனிஸ்லாஸ் வீற்றிருந்தார். வெள்ளைச் சேட்டு, நீலக் கழுத்துப்பட்டி, கறுப்புக் கோட்டு. கெவலார் மாதா திருவிழாவுக்கென்று வாங்கிய கோட்டு. ஜூன் மாத வெயில் ஜன்னலால் வந்து நேரே அதன்மேல் விழுந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து, வெட்டுத் தழும்பு தெரியாதபடி மயிரைச் சரித்து வாரியிருந்தது. வலக்கை கோட்டுப் பொக்கற்றுக்குள் இருந்தது. அது தானாகப் போயிருக்க முடியாது. யாரோ தூக்கிச் செருகியிருக்கிறார்கள்.

“என்ன மச்சாள் இது?”

“என்ன எண்டால்? ஒபிசர் வாறா. ஆளை ஆள் மாதிரி இருத்தியிருக்கிறன்” என்றார் லூர்தம்மா, கையில் றோல்ஸ் தட்டோடு.

“அவ ஆளைப் பார்க்க வரேல்லை. வருத்தத்தைப் பார்க்க வாறா.”

“வருத்தத்தைக் காட்டினா எழுதிப் போடுவினம். இவன் நாட்டுக்குப் பாரம் எண்டு எழுதிப் போடுவினம். பிறகு பாஸ்போட்டும் இல்லை, ஒண்டும் இல்லை. நீர் எண்பத்தஞ்சிலை இஞ்சை இல்லை. பட்டது நாங்கள்.”

லூர்தம்மா வந்த காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீசா நீட்ட வேண்டும். அன்றைக்கு மட்டும் கோட்டு, எண்ணெய் வைத்த தலை, துடைத்த சப்பாத்து. என்ன கேட்டாலும் ஒரே பதில்: எல்லாம் நல்லம், ஒரு பிரச்சினையும் இல்லை, எனக்கு ஒன்றும் வேண்டாம். அப்படிச் சொல்லித் தப்பியவர்களைக் குறை சொல்ல அன்ரனிற்றாவுக்கு வாயில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருபது வருடம் போய்விட்டது. லூர்தம்மாவுக்கு இன்னும் கோப்போடு வருகிற வெள்ளைக்காரர் எல்லோரும் வீசா ஒபிசர்தான். ரயிலில் சீட்டுப் பார்க்கிறவன் வந்தாலும் எழுந்து நிற்பார்.

“நாலு வருசமா டொச் பாஸ்போட் அலுமாரிக்குள்ளை கிடக்குது மச்சாள்.”

“குடுத்தவைக்குப் பறிக்கத் தெரியாதோ?”

அன்ரனிற்றா இந்த மேதையை விட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

“நீங்களாவது சொல்லக் கூடாதோ? உடுப்பை மாத்துவம், எழும்புங்கோ.”

ஸ்ரனிஸ்லாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அக்கா சொல்லுறதிலையும் ஒரு நியாயம் இருக்குது” என்றார். “ஒரு பொம்பிளைக்கு முன்னாலை நான் சறம் கட்டிக்கொண்டு கிடக்க ஏலாது.”

அன்ரனிற்றாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் இதே மனிதருக்குப் பல் தீட்டி, முகம் கழுவி, கழிப்பறைக் கதிரையைச் சுத்தம் செய்துவிட்டு வேலைக்குப் போனவள் அவள். அவளுக்கு முன்னால் கிடக்கலாம். கோப்போடு வருகிற பெண்ணுக்கு முன்னால் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். பதில் சொல்ல வாயெடுத்தபோது அழைப்பு மணி அடித்தது. ஜெர்மன்காரர்கள் பத்து நிமிடம் முந்தி வருவதும் உண்டு.

வந்தவளின் பெயர் பீற்றர்சன். ஐம்பது வயது, தட்டைச் சப்பாத்து, கையில் கோப்பு. ஸ்ரனிஸ்லாஸ் இடக்கையை நீட்டி, ஜெர்மன் மொழியில், முழு டொச் வசனத்தில் வரவேற்றார். லூர்தம்மா றோல்ஸ் தட்டை நீட்டினார்.

“நன்றி. வேலை நேரத்தில் எதுவும் எடுக்கக் கூடாது” என்று பீற்றர்சன் சிரித்தாள். லூர்தம்மாவின் முகம் கறுத்தது. வீசா ஒபிசர்கூட ஒருமுறை ஒரு வடை எடுத்திருக்கிறார் என்று அவர் இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேள்விகள் தொடங்கின.

“காலையில் கட்டிலிலிருந்து எழும்ப யார் உதவுகிறார்கள்?”

“நானே எழும்புவேன்.”

“முகம் கழுவ?”

“நானே.”

“சாப்பாட்டை வெட்ட?”

“நானே.”

“இன்று இந்த உடையை யார் போட்டுவிட்டார்கள்?”

“நானே போட்டேன்” என்றார் ஸ்ரனிஸ்லாஸ். நெற்றியிலிருந்து எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து காதோரம் வழிந்தது.

“எல்லாம் நல்லம். பிரச்சினை இல்லை” என்று லூர்தம்மா தனக்குத் தெரிந்த டொச்சில் பின்பாட்டுப் பாடினார்.

பீற்றர்சன் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கட்டத்தில் புள்ளடி போட்டாள். தலைகீழாகப் பார்த்தாலும் அன்ரனிற்றாவுக்கு அந்தப் படிவம் தெரியும். இல்லத்தில் கிழமைக்கு இரண்டு பார்க்கிறாள். புள்ளடி எல்லாம் இடதுபக்கக் கட்டத்தில் விழுந்தது. இடதுபக்கம் என்றால் உதவி தேவையில்லை. ஒரு கை, கட்டம் கட்டமாக, அவள் கண்முன்னால் செத்துக்கொண்டிருந்தது.

“அவர் சொல்வது உண்மையில்லை. எல்லாம் நான்தான் செய்கிறேன். இந்த உடுப்பும் அக்கா போட்டுவிட்டதுதான்” என்றாள் டொச்சில்.

ஸ்ரனிஸ்லாஸ் பீற்றர்சனைப் பார்த்துப் புன்னகைத்தார். “என் மனைவி களைத்துப் போயிருக்கிறாள். பாவம், கொஞ்சம் கூட்டிச் சொல்வாள்” என்றார். பதினொரு வருடச் செயலாளர் புன்னகை அது. சங்கக் கூட்டத்தில் குறுக்கே கேள்வி கேட்பவர்களை உட்கார வைக்கிற புன்னகை.

பீற்றர்சன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அவர் தெளிவாகப் பேசுகிறார். அவர் சொல்வதையும் நான் கண்ணால் காண்பதையும்தான் நான் எழுத முடியும்” என்றாள்.

சரி. காணட்டும் என்று அன்ரனிற்றா நினைத்தாள்.

எழுந்து போய் ஸ்ரனிஸ்லாஸின் முன்னால் நின்றாள். “கோட்டைக் கழட்டுங்கோ” என்றாள் தமிழில்.

“என்ன?”

“நீங்களே போட்ட கோட்டுத்தானே? நீங்களே கழட்டுங்கோ. அவ பார்க்கட்டும்.”

“விசர் கதை கதையாதை.”

அவள் குனிந்து பொக்கற்றுக்குள்ளிருந்த வலக்கையை வெளியே எடுத்து அவருடைய மடியில் வைத்தாள். விரல்கள் உள்ளே மடங்கிக் கிடந்தன. பீற்றர்சன் பேனையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். இனி ஸ்ரனிஸ்லாஸுக்கு வேறு வழியில்லை. இடக்கையால் கோட்டின் நடுப் பொத்தானைப் பிடித்தார். அது வழுக்கியது. மறுபடியும் பிடித்தார்.

லூர்தம்மா “ஐயோ தம்பி” என்று பாய்ந்து வந்தார். அன்ரனிற்றா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தொடாதேங்கோ மச்சாள்.”

“விடும்! நீர் ஒரு மனுசியே?”

“தொடாதேங்கோ எண்டு சொன்னனான்.”

இரண்டு பொத்தானுக்கு நாலு நிமிடம் போனது. பீற்றர்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை அன்ரனிற்றா கவனித்தாள். கோட்டு இடத்தோளிலிருந்து நழுவியது. வலப்பக்கம் வர மறுத்தது. அவர் இழுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தார். கடைசியில் அது உருவி விழுந்தபோது உள்ளே இருந்த வேடிக்கை வெளியே வந்தது.

சேட்டின் வலக்கைக்குள் கை இல்லை. மடங்கிய முழங்கை அந்த ஒடுங்கிய துணிக்குள் போகாமல், லூர்தம்மா பாதிச் சேட்டை மட்டும் மாட்டி, மறுபாதியை முதுகுப்பக்கம் ஊசியால் குத்தி, மேலே கோட்டைப் போட்டு மூடியிருந்தார். ஸ்ரனிஸ்லாஸின் வலது மார்பும் விலாவும் வெறுமையாக இருந்தன. ஐந்து மாதத்தில் வற்றிப்போன உடம்பு. கழுத்துப்பட்டி மட்டும் ஒழுங்காகத் தொங்கியது.

அன்ரனிற்றாவுக்கு அந்த நொடியில் ஒன்று தெரிந்தது. அவளுக்கு இது பிடித்திருந்தது. மூன்று வார எரிச்சலுக்கும், களைத்துப் போன மனைவி என்ற அந்தப் புன்னகைக்கும் பதில் சொன்ன சந்தோசம் நெஞ்சுக்குள் தித்தித்தது. அதைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அருவருப்பு வந்தும் தித்திப்புப் போகவில்லை.

பீற்றர்சன்தான் முதலில் அசைந்தாள். கோட்டை எடுத்து அவருடைய தோளில் மெதுவாகப் போர்த்தினாள். பிறகு படிவத்தைக் கிழித்தாள். புதுப் படிவம் எடுத்து, எதையும் கேட்காமல், வலதுபக்கக் கட்டங்களில் புள்ளடி போட்டாள்.

“றேஹாவுக்கு நான் பரிந்துரை செய்கிறேன்” என்றாள். “ஆறு வாரம். இடம் இருக்கிறது, திங்கட்கிழமையே போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் இந்த அன்ட்ராக் எங்களிடம் வர வேண்டும். கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். இடக்கையால் ஒரு கீறு கீறினாலும் போதும்.”

பேனையை அவர் பக்கம் நீட்டினாள்.

ஸ்ரனிஸ்லாஸ் பேனையை வாங்கவில்லை. “இல்லை” என்றார்.

“யோசியுங்கள். நேரம் இருக்கிறது.”

“யோசித்துவிட்டேன். வேண்டாம்.”

“நான் வைக்கலாமா?” என்று அன்ரனிற்றா கேட்டாள்.

“முடியாது. அவருக்கு அறிவு தெளிவாக இருக்கிறது. அவர்தான் முடிவெடுக்க வேண்டும்” என்றாள் பீற்றர்சன். படிவத்தை மேசையில் றோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் லூர்தம்மா தொடங்கினார். “கண்டீரோ? இப்ப சந்தோசமோ? கட்டின புருசனை வெள்ளைக்காரிக்கு முன்னாலை உரிஞ்சு காட்டிப்போட்டீர்.”

“பாதிச் சேட்டோடை இருத்தினது ஆர்?”

“நான் அவன்ர மானத்தை மூடினனான். நீர் திறந்தனீர்.”

“மானத்தை மூடுங்கோ. கையையும் சேர்த்து மூடிப்போட்டு ஸ்டுட்கார்ட்டுக்குப் போங்கோ. நான் இஞ்சை இருந்து சாகும்வரைக்கும் ஊட்டிக்கொண்டு இருக்கிறன்” என்றாள் அன்ரனிற்றா. பிறகு கணவரைப் பார்த்தாள். “கையெழுத்தை வையுங்கோ. கோபத்தைப் பிறகு பார்ப்பம்.”

ஸ்ரனிஸ்லாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ வேலை செய்யிற இடத்திலை, அந்தக் கிழவன்மாருக்கும் இப்பிடித்தான் செய்வியோ?”

அன்ரனிற்றா செய்ய மாட்டாள். அங்கே ஒருவருடைய சேட்டைக் கழற்றுவதற்கு முன் கதவைச் சாத்துவாள், துவாயால் மூடுவாள், மன்னிப்புக் கேட்பாள். அவர்கள் யாரையும் அவளுக்குப் பத்தொன்பது வருடமாகத் தெரியாது. அதனால் மரியாதை கொடுக்க லேசாக இருந்தது.

“உங்கட கைக்காகத்தான் செய்தனான்” என்றாள்.

“என்ர கைதானே. கிடக்கட்டும்.” ஸ்ரனிஸ்லாஸ் அக்கா பக்கம் திரும்பினார். “அக்கா, என்ர பெட்டியை அடுக்குங்கோ. உங்களோடை ஸ்டுட்கார்ட்டுக்கு வாறன்.”

மூன்று வாரமாக லூர்தம்மாவின் வாயில் இருந்த பாட்டு இது. ‘இவளிட்டை கிடந்து சீரழியாமல் என்னோடை வா தம்பி, ராசா மாதிரிப் பார்ப்பன்.’ தொலைபேசியிலும் பாடினார், பூசை முடிந்து கோயில் வாசலிலும் பாடினார். பாட்டுக்கு இன்று ஆள் எழுந்து ஆட வந்துவிட்டது.

லூர்தம்மா றோல்ஸ் தட்டை எடுத்தார். திரும்பவும் வைத்தார்.

“இப்பவோ தம்பி?”

“இப்பதான்.”

“இல்லை… அத்தானுக்கு இரவு வேலை. பகலிலை அவர் படுக்க வேணும். வீடும் மூண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. நீ எப்பிடி ஏறுவாய்?” லூர்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அதோடை உன்னைத் தூக்கிப் பிடிக்க எனக்கும் நாரிப்பிடிப்பு, இடுப்பு ஏலாது. நான் இஞ்சை வந்து வந்து பார்க்கிறன். ஆவணியிலை கெவலாருக்கு எல்லாரும் சேர்ந்து போவம், என்ன?”

அன்ரனிற்றா இந்த நிமிடத்துக்காக மூன்று வாரம் காத்திருந்தாள். லூர்தம்மாவுக்குப் பேச்சு முட்டுகிற நிமிடம். வந்தால் வாய்விட்டுச் சிரிப்பேன் என்று நினைத்திருந்தாள். வாய் சர்க்கரை, கை கொக்கரை என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்றும் நினைத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. ஸ்ரனிஸ்லாஸின் முகம் கண்ணில் பட்டுவிட்டது.

அவர் கோபப்படவில்லை. தோளில் தொங்கிய கோட்டை இடக்கையால் இழுத்து வெறும் மார்பை மூடப் பார்த்தார். அது நிற்கவில்லை, சரிந்தது. அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

“அப்ப நான் எங்கை போறது?” என்று கேட்டார்.

அன்ரனிற்றா வாயைத் திறந்தாள். இது உங்கட வீடு. மூன்றே மூன்று சொல். சொல்லியிருந்தால் அவர் பேனையை எடுத்திருக்கவும் கூடும். ஆனால் அந்த மூன்று சொல்லும் அவளுக்கு வரவில்லை.